பச்சை டிக்

நடுவிரல்தான். சத்தியமாக நடுவிரல்தான். மௌஸில் சுட்டுவிரல் பக்கம் இரண்டு தட்டு தட்டினால் ஃபைல் திறக்கும். நடுவிரல் பக்கம் ஒரு தட்டு தட்டினால் சின்னதாக ஒரு பட்டியல் வந்து விழும், அதில் ஸ்கேன் என்று ஒரு வரி இருக்கும், அதை அமுக்கினால் ஃபைலுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று ஆன்டிவைரஸ் பார்த்துச் சொல்லும். நான் அதைத்தான் செய்தேன். திறக்கவில்லை. மடியில் இருக்கிற கைப்பையின் மேல் நடுவிரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், ஆமாம், இப்படித்தான் தட்டினேன். ஆனால் அந்த ஸ்கேன் என்கிற வரியை அமுக்கியது எந்த விரல்? அது சுட்டுவிரல். அங்கேதான் எனக்கு இடிக்கிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயே வந்து வந்து இடிக்கிறது. சுட்டுவிரலும் அன்றைக்கு வேலை செய்திருக்கிறது. ஒரு தட்டா, இரண்டா, பட்டியல் விழுந்த பிறகா, அதற்கு முன்னாலேயேவா. தூக்கத்தில் தலையணையைத் தட்டுகிறேனாம், வீட்டுக்காரர் சொல்கிறார். "அக்கா, கொஞ்சம் காலத் தூக்குங்க," என்று மாப் போடுகிற பேச்சி வந்து நிற்கிறாள், தூக்குகிறேன், பினாயில் வாடை குப்பென்று ஏறுகிறது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்க்கிறாள். இந்த ஆஸ்பத்திரியில் இப்போது எல்லோரும் என் விரலைத்தான் பார்க்கிறார்கள். கேன்டீனில் டம்ளரை எடுத்தால்கூடப் பார்க்கிறார்கள். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கான்பரன்ஸ் ஹாலுக்குள், இங்கே டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த அழகுமலை அண்ணனின் சம்சாரமும் அவருடைய மச்சினன்மாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு திறந்து பாண்டிச்செல்வி என்று கூப்பிட்டால் நான் உள்ளே போய், தெரியாமல் வைரஸ் ஃபைலைத் திறந்துவிட்டேன், என்னால்தான் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோனது, என்னால்தான் உங்கள் புருஷன் செத்தார் என்று சொல்லி அந்தம்மா காலில் விழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. விழுந்தால் வேலை உண்டு, விழாவிட்டால் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஓ சார் சொல்லிவிட்டார்.

ஏஓ என்றால் அட்மின் ஆபீசர், அலங்காரநாதன் என்று பெயர். மனுஷன் சத்தம் போட மாட்டார், அதுதான் பயமே. நேற்று கூப்பிட்டு உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்து, "இங்க பாருங்க செல்வி, கேஸு, பேப்பரு, டிவின்னு போனா ஆஸ்பத்திரி பேரு கெடும், பேரு கெட்டா இருநூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நீங்க ஒரு பொம்பள. ஒரு நிமிசம் கால்ல விழுந்து அழுதீங்கன்னா அந்தாளுக கோவம் எறங்கிரும். மேக்கொண்டு நான் பேசிக்கிறேன்," என்றார். இது இங்கே வழக்கம்தான். பெரிய டாக்டர் விழ மாட்டார், மெஷின் விழாது, யாராவது விழ வேண்டும், அதற்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். போன வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தங்கராசு விழுந்தார், வண்டியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததற்கு. ஆக்ஸிஜன் நிரப்புவது அவர் வேலையே இல்லை. விழுந்து எழுந்து வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "தரை சுத்தமாத்தான்க்கா இருக்கு," என்று சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, சிரித்தேன். இப்போது என் முறை. காலையில் வீட்டுக்காரர்கூட, "விழுந்துட்டு வா புள்ள, காலா வலிக்கப் போகுது," என்றார். காலைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருக்கிறது, அவர் காலில் பிளேட் இருக்கிறது. ஆயுதபூஜை மறுநாள் விடியலில் யாரோ கடைக்காரன் கண்ணேறு கழிய முச்சந்தியில் உடைத்த பூசணிக்காயில் வண்டி சறுக்கி விழுந்தவர். கடைக்கு வர இருந்த கேடெல்லாம் போனதோ என்னவோ, இவருக்கு டிரைவர் வேலை போனது. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது என் கையால்தான், இந்த விரலால்தான். ஏசி தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், பாதி எழுந்துவிடுகிறேன், இல்லை, கூப்பிடவில்லை.

ஜெபராஜ் போகிறான். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாக, என்னைப் பார்க்காதவன் மாதிரி. கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. நேற்று மாடிப்படி வளைவில் அவனே என்னைப் பிடித்து நிறுத்தினான். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க தொறக்கல, எனக்குத் தெரியும்," என்றான். எனக்கு அங்கேயே அழுகை முட்டிவிட்டது. எனக்கே தெரியாததை ஒருவன் தெரியும் என்கிறானே. "நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டரே எழுதி வைக்கிற லாக்ல இருக்குக்கா. நீங்க ஸ்கேன்தான் குடுத்திருக்கீக. பார்சல் மாதிரிக் கட்டி வந்த அந்த ஜிப் ஃபைல ஆன்டிவைரஸே பிரிச்சுப் பாத்திருக்கு. பிரிக்கிற எடத்துல அதுக்குள்ளயே ஓட்டை. அந்த ஓட்டைக்குன்னே ஃபைலச் செஞ்சு அனுப்பியிருக்காய்ங்க." எனக்குப் புரியவில்லை, காவலுக்கு வைத்ததில் எப்படி ஓட்டை என்றேன். "பார்சல்ல குண்டு இருக்கான்னு பாக்குறவன்தானக்கா அத மொதல்ல பிரிக்கிறான். மத்த புரோகிராமுக்கு ஒரு ரூம் சாவின்னா இதுக்கு மட்டும் எல்லா ரூம் சாவியும் குடுத்து வச்சிருக்கோம். இதப் புடிச்சிட்டா முழுக் கட்டடமும் அவன் கையில." அப்படியென்றால் இது கம்பெனிக்காரன் தப்புதானே, உள்ளே வந்து சொல்லு என்றேன். கீழே பார்த்தான். அந்தக் கம்பெனி ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கிற அப்டேட்டைப் போன மாதமே அனுப்பிவிட்டதாம். இவன் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். போட்டால் எல்லா மெஷினும் அரைநாள் மெதுவாக ஓடும், இன்ஸ்பெக்சன் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று ஏஓ சார் சொல்லிவிட்டார். "நான் வந்து சொன்னா அவரச் சொன்ன மாதிரிக்கா. எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு." சரிதான், எல்லோருக்கும் பிள்ளை இருக்கிறது, அழகுமலை அண்ணனுக்கும் இருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கிறதா, அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். நான் ஸ்கேன் போடாமல் அந்த ஃபைல் வந்த மெயிலைச் சும்மா விட்டிருந்தால்? "தானா பாக்குற ஸ்கேன் ஜிப்புக்குள்ள போவாதுக்கா. மெஷினு ஸ்லோ ஆவுதுன்னு நாமதான் ஆஃப் பண்ணி வச்சிருக்கோம். நாமளா ஸ்கேன் குடுத்தாத்தான் பிரிக்கும்," என்றான். அப்படியென்றால், என்றேன். "சும்மா விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுக்கா."

சும்மா விட்டிருந்தால். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம் அந்தப் பயல். நான் திறக்கவில்லை, அது உண்மை. நான் தொட்டதால்தான் நடந்தது, அதுவும் உண்மை. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது? ஒரு சோம்பேறி அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தால், மெயிலைப் பார்க்காமல் செல்போனில் புடவை பார்த்துக்கொண்டிருந்தால், அழகுமலை அண்ணன் இன்றைக்கு மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ ஏலம் கூவிக்கொண்டிருப்பார். நான் ஒழுங்காக இருந்தேன். ஒழுங்குக்குக் கப்பே வாங்கியவள் நான். இதே கான்பரன்ஸ் ஹாலில்தான் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கிளாஸ் நடந்தது. சென்னையிலிருந்து வந்த பெண், உதட்டுச் சாயத்தோடு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, வெளி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற எந்த ஃபைலையும் அப்படியே திறக்காதீர்கள், ரைட் கிளிக், ஸ்கேன், பச்சை டிக் வந்தால் மட்டும் திறங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். எல்லோரையும் கூட்டாகச் சொல்லச் சொன்னாள், வாய்ப்பாடு மாதிரி. ரைட் கிளிக், ஸ்கேன், பச்சை டிக். கடைசியில் கேள்வி கேட்டாள், எல்லாவற்றுக்கும் நான்தான் கை தூக்கினேன், கேடயம் படம் போட்ட காபிக் கப் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், ஏஓ சாரும்தான் தட்டினார். அந்தக் கப்பில் பேனா போட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை வந்து பார்த்தால் பேனாவெல்லாம் மேஜையில் கிடக்கிறது, கப்பைக் காணோம். செவ்வாய்க்கிழமை அந்த மெயில் தேனியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி பேரில் வந்தது, நோயாளி கிளம்பிவிட்டார், பழைய ஸ்கேன் படங்கள் உள்ளே இருக்கின்றன, அவசரம் என்று. வெளியூர் நோயாளிகளின் ரிப்போர்ட்டை வாங்கி டாக்டருக்கு அனுப்புவதுதான் என் வேலை, அதைப் பார்க்காமல் எப்படி விடுவது? ரைட் கிளிக். ஸ்கேன். ஒரு பட்டை ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பிறகு பச்சை டிக் வந்தது. ஆபத்து எதுவும் இல்லை என்று வந்தது. வந்ததே! என் கண்ணால் பார்த்தேனே! நல்லவேளை என்றுகூட நினைத்தேன். திறக்கலாம் என்று சுட்டுவிரலை எடுத்து வைப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. வைப்பதற்குள்ளா? வைத்த பிறகா? அய்யோ, மறுபடியும் வந்துவிட்டேன் அதே இடத்துக்கு.

கேன்டீனில் வடை போடுகிறார்கள், வாசனை படியேறி வருகிறது, வயிறு காந்துகிறது, இந்த நேரத்திலும் வயிறு தன் வேலையைப் பார்க்கிறது பார். செவ்வாய்க்கிழமையும் இந்த வாசனை வந்தது. எல்லாத் திரையும் கறுத்து, சிவப்பு எழுத்தில் என்னமோ ஓடிக்கொண்டிருந்தபோது, யாரும் எதையும் தொடக்கூடாது, அவரவர் சீட்டிலேயே இருங்கள் என்று ஏஓ சார் ஆள் அனுப்பிச் சொன்னார். இருந்தோம். பரீட்சை ஹாலில் பேப்பருக்குக் காத்திருக்கிற மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேரும். இன்டர்காமும் அதே ஒயரில் போவதால் அதுவும் செத்துவிட்டது. கீழ்மாடி லேபில் ரத்தம் பார்க்கிற மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடி, அழகுமலை அண்ணனுக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, உடனே டயாலிசிஸ் போடாவிட்டால் இதயம் நிற்கும் என்கிற நம்பரைத் தன் குட்டித் திரையில் காட்டிவிட்டது. பார்த்த லேப் பையன் அதை மேலே அனுப்ப வழியில்லாமல் கம்ப்யூட்டர் வரட்டும் என்று இருந்தான். ரிசல்ட்டை வாயால் சொல்லக்கூடாது என்பது இங்கே கட்டளை. ஒருமுறை வாயால் சொல்லி ஆள் மாறிப்போய்விட்டதால் வந்த கட்டளை. அதுவும் ஒரு பாதுகாப்புதான். மேலே டயாலிசிஸ் சிஸ்டர் ரிசல்ட் திரையில் வரட்டும் என்று இருந்தாள். அத்தனை பேர் பையிலும் செல்போன் இருந்தது. அண்ணன் டயாலிசிஸ் ரூமுக்கு வெளியே, என் மேஜைக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். முகூர்த்த சீசன், மல்லி விலை எங்கேயோ போய்விட்டது, அதனால் சனிக்கிழமை டயாலிசிஸ் முறையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஏலம் கூவுகிற குரல், ரிசப்சனில் பேசினால் மாடிவரை கேட்கும், அன்றைக்கு அந்தக் குரல் உள்ளே போயிருந்தது. காலெல்லாம் கனக்குதும்மா என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னம்மா செல்வி, பொட்டி கறுத்துப் போச்சு? நான் வேணா கீழ போயி என்னான்னு கேட்டு வரவா?" என்றார். எனக்கு இரக்கம்தான் வந்தது. "வேணாம்ணே, நீங்க நடக்கக் கூடாது. உக்காருங்க, இப்ப வந்துரும்," என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன். போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். எதிரெதிரே, இரண்டு பேரும், அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கட்டும் என்று நினைத்தேன். உக்காருங்கண்ணே. இல்லை, இதை இப்போது நினைக்க வேண்டாம். விரலை நினை. நடுவிரல்தான். நீ திறக்கவில்லை. உள்ளே போய் அதைச் சொல். விழாதே. திறக்கவில்லை, காவலுக்கு வைத்ததில்தான் ஓட்டை, அடைக்கச் சொன்னபோது அடைக்கவில்லை, சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"பாண்டிச்செல்வி." கூப்பிட்டுவிட்டார்கள். கைப்பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போகிறேனா, எடுத்துக்கொண்டா, எடுத்துக்கொண்டுதான் போகிறேன் போல, மார்பில் இடிக்கிறது. ஹாலில் ஏசி எலும்பைத் தொடுகிறது. நீள மேஜையின் தலைமாட்டில் ஏஓ சார், ஒரு பக்கம் மச்சினன்மார், வெயிலில் காய்ந்த முகங்கள், நடுவில் அந்தம்மா. ஒச்சம்மாள் என்று பெயர், அட்டையில் நானே எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன், துணைக்கு வருபவர் என்கிற இடத்தில். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. ஏஓ சார் என்னைப் பார்த்தார், பிறகு அந்த வெறும் காலைப் பார்த்தார். "இவங்கதாம்மா. ஒங்ககிட்ட அவங்களே சொல்லணும்னாங்க." அந்தம்மா நிமிர்ந்தார். "நீதான் செல்வியா? ஒன்னையச் சொல்லுவாரு. பேரச் சொல்லி அண்ணே அண்ணேம்பியாமே." "நான் தொறக்கலம்மா," என்றேன். ஏஓ சார் இருமினார். விடவில்லை, இவ்வளவு நாள் உருப்போட்டது, சொல்லித்தான் தீர வேண்டும், ஸ்கேன்தான் போட்டேன் என்றேன், பச்சை டிக் வந்தது என்றேன், காப்பாற்ற வைத்த புரோகிராமிலேயே ஓட்டை என்றேன், அது இவர்களுக்கு முன்னாலேயே தெரியும் என்றும் சொல்லிவிட்டேன், குரல் எனக்கே அந்நியமாக, கீச்சென்று கேட்டது. மச்சினன்மார் ஏஓ சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அப்பாடா, சொல்லிவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று.

அந்தம்மா கையை லேசாக அசைத்தார், ஈயை ஓட்டுகிற மாதிரி. "அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா. நீ தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன. அவருக்கு ஒடம்புல உப்பு ஏறிருச்சுன்னு கீழ தெரிஞ்சிருச்சாமுல்ல?" ஆமாம் என்றேன். "அவரு மேல ஒக்காந்திருந்தாரு." ஆமாம், எனக்கு எதிரேதான். "கீழ இருந்து மேல வர எம்புட்டுத் தூரம்?" ஏஓ சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டது என்னிடம், நான்தான் சொல்ல வேண்டும். "ஒரு மாடிதாம்மா." அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார், கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார். "பொட்டிக்குத்தான சீக்கு வந்துச்சு? ஒங்க காலுக்கெல்லாம் என்ன வந்துச்சு?"

விரலுக்கு எத்தனை பதில் வேண்டுமானாலும் இருந்தது, காலுக்கு ஒன்றுகூட இல்லை. நான் போயிருக்கலாம். அவர் நான் போய்வரவா என்று கேட்டபோது நீங்கள் இருங்கள், நான் போகிறேன் என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக உட்கார்ந்திருந்தேன், அவரையும் உட்கார வைத்தேன். எப்போது முழங்கால் மடங்கியது என்று தெரியவில்லை, கைப்பை எங்கேயோ விழுந்து சாவிக்கொத்து சிதறுகிற சத்தம் கேட்டது, நெற்றியில் தரை சில்லென்று பட்டது, தங்கராசு சொன்ன மாதிரி சுத்தமாகத்தான் இருந்தது. எதற்காக விழுகிறேன் என்று அந்தம்மாவுக்குச் சொல்ல வேண்டும், போகிறேன் என்றவரை உட்கார வைத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும், வாயிலிருந்து வந்தது அழுகை மட்டும்தான். என் கை பட்ட அந்தக் கால் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டது. தலைக்கு மேலே ஏஓ சார் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"பாத்தீங்கள்ல," என்றார் மச்சினன்மாரிடம், "வாய்தான் தொறக்கலைங்குது. மனசு ஒத்துக்கிருச்சு."